ஃபேப்ஃபில்டர் பிளக்-இன்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பாட்டை மிக்ஸ் செய்யும் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவிகளே பிளக்-இன்கள். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஃபேப்ஃபில்டர் நிறுவனம் விற்கும் பிளக்-இன்களில் முதலில் வாங்க வேண்டியது, ஒலியின் அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஈக்யூவான ப்ரோ-க்யூ 4. காசு மிச்சம் இருந்தால் அடுத்தது, ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரான ப்ரோ-எல் 2. மற்றவை எல்லாம் அவரவர் வேலையைப் பொறுத்தவை. சில நன்றாகவே இருந்தாலும் அந்த விலைக்குத் தேவையில்லை. ஏன் என்று விவரமாகப் பார்ப்போம்.

ஃபிளோரிஸ் கிளிங்கர்ட், ஃபிரெடரிக் ஸ்லைக்கர்மன் என்ற இருவர் 2002-இல் தொடங்கிய நிறுவனம் இது. பழைய ஸ்டூடியோப் பெட்டிகளின் முகப்பைத் திரையில் அப்படியே வரைந்து, துரு, திருகாணி, ஊசி மீட்டர் என்று அழகு காட்டுவது இவர்கள் வழக்கமல்ல. ஒலிக்கு என்ன நடக்கிறதோ அதைப் பெரிதாக, தெளிவாகத் திரையில் காட்டுவார்கள். அதை மவுஸால் பிடித்து இழுக்க விடுவார்கள். இவர்களுடைய பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது. கவனிக்காவிட்டால் வரும் கெடுதலும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது.

ப்ரோ-க்யூ 4

2009-இல் முதல் ப்ரோ-க்யூ, 2014-இல் இரண்டாவது, 2018-இல் மூன்றாவது, 2024 டிசம்பரில் நான்காவது. அதிகபட்சம் 24 பேண்ட், அதாவது தனித்தனியாக ஏற்றி இறக்கக்கூடிய 24 அலைவரிசைப் பகுதிகள். ஒவ்வொரு பேண்டையும் ஸ்டீரியோ, இடது, வலது, மிட் (இரு பக்கத்துக்கும் பொதுவானது), சைட் (இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு) என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். திரையில் இரட்டைக் கிளிக் செய்தால் புதுப் பேண்ட் வரும். இடது ஓரத்தில் செய்தால் கீழ் அலைவரிசைகளை வெட்டும் லோ கட்டாகவும், நடுவில் செய்தால் ஓரிடத்தைச் சுற்றி மட்டும் ஏற்றி இறக்கும் பெல்லாகவும் தானே அமையும். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் க்யூ, அதாவது பேண்டின் அகலம், மாறும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் நுணுக்கமாக நகரும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

முதலில் கவனிக்க வேண்டியது, அலைவரிசைகளின் அளவை வரைந்து காட்டும் அனலைசரின் டில்ட், அதாவது சாய்வு. ஆக்டேவுக்கு (அலைவரிசை ஒருமுறை இரட்டிப்பாகும் தூரத்துக்கு) 4.5 டெசிபல் என்பது இயல்பு அமைப்பு. அதாவது, மேல் அலைவரிசைகளைப் படிப்படியாக உயர்த்திக் காட்டுகிறது. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டால் கோடு வலப்பக்கம் ஏறிப் போவதைப் பார்க்கலாம், ஏனென்றால் அது ஆக்டேவுக்கு 3 டெசிபல்தான் இறங்குகிறது. ஆகவே திரையில் தட்டையாகத் தெரிவது "சமமான ஒலி" என்று நினைத்து மேலே கூட்டவோ குறைக்கவோ கூடாது. டில்டை மாற்றினால் அதே பாட்டு வேறு வடிவில் தெரியும், ஒலி மட்டும் மாறாது. ஒரே டில்டில் நிலையாக வைத்துக்கொண்டு, காதுக்குப் பழகிய நல்ல ஒலிப்பதிவு ஒன்றை அதில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்வதே சரியான வழி.

இரண்டாவது, பியானோ கட்டைகளைக் காட்டும் வசதி. அலைவரிசை அளவுக்குப் பதிலாகக் கீழே ஸ்வரக் கட்டைகள் வரும். கர்நாடக சங்கீதம் மிக்ஸ் செய்பவர்களுக்கு இதைவிட உபயோகமான பொத்தான் இந்தப் பிளக்-இன்னில் இல்லை. மேற்கத்திய பாப் பாடலில் கார்டு மாறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் சக்தி குவிந்தே நிற்காது. கச்சேரியில் ஷட்ஜம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒன்றுதான். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவருக்கு ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், பஞ்சமம் ஏறக்குறைய 294, மேல் ஷட்ஜம் 392. தம்புரா, குரல், வயலின் மூன்றும் இந்த இடங்களிலேயே கூடி நிற்பதால் அனலைசரில் அங்கெல்லாம் கூர்மையான சிகரங்கள் தெரியும். "ரெசொனன்ஸ் இருந்தால் கட் செய்" என்று யூடியூபில் கற்றவர் கை நேராக அங்கே போகும். 196-இல் 4 டெசிபல் குறுகலாகக் குறைத்தால் பாடகரின் ஆதாரமே மெலிந்துவிடும். போதாததற்கு மிருதங்கத்தின் வலந்தலையும் அதே ஷட்ஜத்துக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கும். வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்பு மருந்தால்தான் அதன் மேற்சுரங்கள் ஒழுங்கான வரிசையில் ஒலிக்கின்றன என்பதை சி.வி. ராமன் 1920-லேயே எடுத்துக்காட்டினார். ஆகவே மொத்த மிக்ஸில் ஷட்ஜத்தை வெட்டினால் "நம்" என்ற சொல்லின் நாதமும் கூடவே போகும். கட்டைகளை இயக்கிப் பார்த்து, சிகரம் ஸ்வரத்தின்மேல் நிற்கிறதா, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் எங்கோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்வரத்தோடு ஒட்டாமல், யார் எதைப் பாடினாலும் ஒரே இடத்தில் நிற்பது அறையின் கோளாறாகவோ மைக் வைத்த இடத்தின் கோளாறாகவோ இருக்கும். கை வைக்க வேண்டியது அங்கே.

ஸ்வரத்தின்மேல் நிற்கும் தொந்தரவுக்கு, ஒலி உரக்கும்போது மட்டும் வேலை செய்யும் டைனமிக் பேண்ட் பொருத்தம். மேல் ஸ்தாயியில் குரல் அழுத்தும்போது மட்டும் 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை காதைக் குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டியது இவ்வளவே: 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு பெல், க்யூ 2 அளவில். கெயின் (ஏற்றி இறக்கும் அளவு) பூஜ்யத்திலேயே இருக்கட்டும். கெயின் குமிழைச் சுற்றியிருக்கும் வெளி வளையத்தைக் கீழே இழுத்து டைனமிக் ரேஞ்சை மைனஸ் 4 டெசிபலில் நிறுத்துங்கள். எந்த அளவைத் தாண்டினால் வேலை செய்ய வேண்டும் என்ற எல்லையான த்ரெஷோல்ட் ஆட்டோவில் இருக்கும். அதை அப்படியே விடக்கூடாது. ஆட்டோ என்பது உள்ளே வரும் ஒலியின் அளவைத் தொடர்ந்து பின்பற்றித் தன்னை மாற்றிக்கொள்ளும், அதனால் மெதுவாகப் பாடும் ஆலாபனையிலும் அது வேலை செய்து குரலை மங்கலாக்கும். உரத்த பகுதியை லூப்பில் ஓடவிட்டு, அங்கே மட்டும் மஞ்சள் கோடு இறங்கும்படி த்ரெஷோல்டைக் கையால் நிறுத்துங்கள். பிறகு மெதுவான பகுதிக்குப் போய்க் கோடு அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரோ-க்யூ 3-இல் அட்டாக் (எவ்வளவு வேகமாக இறங்கும்), ரிலீஸ் (எவ்வளவு வேகமாகத் திரும்பும்) குமிழ்கள் கிடையாது, அதுவே தீர்மானித்துக்கொள்ளும். நான்கில் அவை வந்துவிட்டன. கமகம் நிறைந்த குரலில் ரிலீஸ் மிக வேகமாக இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் பேண்ட் ஏறி இறங்கி ஒரு நடுக்கம் கேட்கும். அப்போது ரிலீஸை நீட்டுங்கள்.

நான்காவது பதிப்பில் வந்த பெரிய சேர்க்கை ஸ்பெக்ட்ரல் டைனமிக்ஸ். சாதாரண டைனமிக் பேண்ட் முழுவதும் ஒன்றாக இறங்கும். ஸ்பெக்ட்ரலில் அந்தப் பேண்டுக்குள் எல்லை மீறிய அலைவரிசைகள் மட்டும் இறங்கும். ஹெல்சிங்கியின் ஓக்சவுண்ட் விற்கும் சூத் 2 என்ற பிளக்-இன் செய்வதற்கு நெருங்கிய வேலை. டிரம்முக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்கில் சிம்பல் கீச்சிடுவது, வயலின் வில்லின் உராய்வு போன்றவற்றுக்கு அருமையாக இருக்கிறது. தனிக் குரலில் ரேஞ்ச் 3 டெசிபலுக்கு மேல் போனால் எழுத்துகளின் விளிம்பு கரைந்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். சூத் 2-ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதற்காக மட்டும் நான்குக்கு மாறத் தேவையில்லை.

இன்ஸ்டன்ஸ் லிஸ்ட் என்ற இன்னொரு சேர்க்கை விளம்பரத்தில் சாதாரணமாகத் தெரிந்தாலும் பழக்கத்தில் பெரிய நிம்மதி. ப்ராஜெக்டில் எத்தனை டிராக்கில் ப்ரோ-க்யூ 4 போட்டிருக்கிறீர்களோ அத்தனையும் ஒரே ஜன்னலில் வரிசையாகத் தெரியும், அங்கிருந்தே திருத்தலாம். 40 டிராக் உள்ள சினிமாப் பாடலில் வயலின் குழுவையும் குரலையும் மாறி மாறித் திறந்து மூடும் வேலை போய்விடுகிறது. பழைய ப்ராஜெக்டில் இருக்கும் ப்ரோ-க்யூ 3 இதில் நான்காக மாறிவிடாது. இரண்டும் தனித்தனிப் பிளக்-இன்கள், பக்கத்துப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம். மூன்றை நீக்கிவிட்டால் பழைய ப்ராஜெக்ட் திறக்கும்போது அந்த இடம் காலியாக இருக்கும், எனவே நீக்காதீர்கள்.

ஈக்யூ ஸ்கெட்ச், அதாவது கையால் கோடு வரைந்தால் பேண்டுகள் தானே அமைவது, பார்க்க நன்றாக இருக்கிறது. வேலையில் அவசியம் வராது.

ஃபேஸ் (ஒலி அலை நேரத்தில் முன்பின் நகர்வது) பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஜீரோ லேட்டன்சி, நேச்சுரல் ஃபேஸ், லீனியர் ஃபேஸ் என்று மூன்று முறைகள். ஜீரோ லேட்டன்சி அனலாக் ஈக்யூவின் அளவு வளைவை, மேல் எல்லை அருகில்கூட நசுங்காமல், பின்பற்றுகிறது. நேச்சுரல் அதன் ஃபேஸையும் சேர்த்துப் பின்பற்றுகிறது. லீனியர் ஃபேஸைத் திருப்பாது, ஆனால் அதற்கு இரண்டு விதத்தில் விலை கொடுக்க வேண்டும். ஒன்று தாமதம்: ப்ரோ-க்யூ 3-க்கு 44.1 கிலோஹெர்ட்ஸில் மீடியம் தெளிவு என்றால் 5,120 சாம்பிள், அதாவது 116 மில்லிசெகண்ட். மேக்ஸிமம் என்றால் 66,560 சாம்பிள், ஒன்றரை விநாடி. பாடகர் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடும் நேரத்தில் எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் இதை விட்டுவைத்தால் ஒலிப்பதிவே நடக்காது. மற்றொன்று முன்-ஒலிப்பு. லீனியர் ஃபேஸில் 48 டெசிபல் சரிவுள்ள லோ கட்டைக் கிக் டிரம்மிலோ தவிலிலோ போட்டால் அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய வீக்கம் கேட்கும், அடியின் கூர்மை போய்விடும்.

அப்படியானால் லீனியர் எதற்கு? ஒரே வாத்தியத்தை இரண்டு மைக்கில் பிடித்திருக்கும்போது. மிருதங்கத்தில் தொப்பிக்கு ஒன்று, வலந்தலைக்கு ஒன்று என்று இருக்கும். இரண்டு மைக்கிலும் இரண்டு பக்கமும் கேட்கும். வலந்தலை மைக்கில் மட்டும் 120 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் லோ கட் போட்டால், அந்த இடத்தைச் சுற்றி ஃபேஸ் திரும்பி, தொப்பி மைக்கோடு சேரும்போது அடி மெலியும். "ஈக்யூ போட்டதும் தொப்பி காணாமல் போச்சு" என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். 6 அல்லது 12 டெசிபல் மென்சரிவு போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள். இல்லையேல் இரண்டு மைக்குக்கும் ஒரே கட்டைப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால் லோ தெளிவில் லீனியர். எதைச் செய்தாலும் இரண்டு டிராக்கையும் சேர்த்து ஓடவிட்டுக் கேட்டே முடிவெடுங்கள், ஒன்றைத் தனியாகச் சோலோவில் கேட்டு அல்ல.

ஈக்யூவால் மாறிய உரப்பைச் சமன் செய்யும் ஆட்டோ கெயினை இயக்கி வைப்பது நல்ல பழக்கம். உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாகவே தோன்றும், பூஸ்ட் செய்த ஈக்யூவும் அப்படித்தான் ஏமாற்றும். அது முழுக்கச் சரியாகச் சமன் செய்துவிடாது என்பதால், கடைசியில் பைபாஸ் அடித்து, அதாவது பிளக்-இன்னை விலக்கி, காதால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரோ-எல் 2

2017 கடைசியில் வந்தது, இன்னும் பழசாகவில்லை. ஒலியை எப்படி அடக்குவது என்பதற்கு எட்டு அல்காரிதம். மாடர்ன் என்பதில் தொடங்குங்கள், பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். வீணைக் கச்சேரி, தனிப் புல்லாங்குழல் போன்றவற்றுக்கு டிரான்ஸ்பரன்ட் அல்லது சேஃப். சேஃப் டிஸ்டார்ஷன் வராமல் பார்த்துக்கொள்ளும், அதற்கு ஈடாகக் கொஞ்சம் உரப்பை விட்டுக்கொடுக்கும். குத்துப் பாட்டுக்கு அக்ரெசிவ் அல்லது பன்ச்சி.

வரிசை இப்படி: மாஸ்டரில் கடைசி இடத்தில் வையுங்கள். சாம்பிள்களுக்கு நடுவில் எழும் சிகரங்களையும் பிடிக்கும் ட்ரூ பீக்கை இயக்குங்கள். அவுட்புட் மைனஸ் 1 டெசிபல். ஓவர்சாம்பிளிங் (உள்ளே சாம்பிள்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கணக்கிடுவது) 4 மடங்கு. 32 மடங்குவரை போகலாம், ஆனால் 4-க்கு மேலே காதுக்குக் கேட்கும் பலன் குறைந்துகொண்டே போக, கணினியின் சுமை மட்டும் ஏறும். பாட்டின் மிக உரத்த சரணத்தை லூப்பில் வைத்துக் கெயினை ஏற்றுங்கள். கெயின் ரிடக்ஷன் (லிமிட்டர் குறைக்கும் அளவு) சிகரங்களில் 3 டெசிபலைச் சுற்றி இருக்கும்வரை பெரிதாக எதுவும் கெடாது. யூனிட்டி கெயின் பொத்தானை அழுத்தினால் ஏற்றிய உரப்பு கழிந்து, லிமிட்டர் ஒலிக்கு என்ன செய்கிறது என்பது மட்டும் கேட்கும். இந்த ஒரு பொத்தானுக்காகவே இதை வாங்கலாம். கூடவே ஆடிஷன் லிமிட்டிங் போட்டால் வெட்டப்பட்ட பகுதி மட்டும் தனியாகக் கேட்கும். அதில் டிக், டிக் என்ற தாள ஒலி மட்டும் இருந்தால் சரி. பாட்டின் வார்த்தைகளே தெளிவாகக் கேட்டால் அளவுக்கு மீறி அழுத்திவிட்டீர்கள்.

லவுட்னெஸ் மீட்டர் உள்ளேயே இருக்கிறது. எல்யூஎஃப்எஸ் என்பது காது உணரும் உரப்பின் அளவு. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு, ஆப்பிள் மியூசிக் சவுண்ட் செக் என்ற உரப்புச் சமன் வசதியில் மைனஸ் 16-க்குச் சமன் செய்கின்றன. யூடியூப் உரத்ததைக் குறைக்கும், மெல்லியதை ஏற்றாது. அதனால் மைனஸ் 7-க்கு இழுத்து நசுக்கிய மாஸ்டரை அவர்கள் இறக்கித்தான் ஒலிபரப்புவார்கள். உரப்பு கிடைக்காது, நசுங்கல் மட்டும் மிஞ்சும். இதற்காக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14-இல் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதுமில்லை. பாட்டு எங்கே நன்றாக ஒலிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இங்கே நடக்கும் பிழைகள் இரண்டு வகை. லிமிட்டருக்குப் பின்னால் இன்னொரு பிளக்-இன் இருப்பது முதலாவது. அதில் அரை டெசிபல் பூஸ்ட் இருந்தாலும் மைனஸ் 1 என்ற எல்லை உடைந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டை 44.1-ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது மாற்றம் லிமிட்டருக்குப் பிறகு நடப்பது இரண்டாவது. சிகரங்கள் அப்போது இடம் மாறும். அந்த வேலை இருந்தால் முதலில் 44.1-க்கு மாற்றிவிட்டு, புது ப்ராஜெக்டில் லிமிட்டர் போடுங்கள். பிட் எண்ணிக்கையைக் குறைக்கும்போது வரும் பிழையை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சலான டிதரை 16 பிட் கடைசிக் கோப்புக்கு மட்டும் இயக்குங்கள், 24-இல் வேலை நடக்கும்போது தேவையில்லை.

மற்றவை

ப்ரோ-சி 2, உரத்ததை அடக்கிச் சமப்படுத்தும் நல்ல கம்ப்ரஸர். கம்ப்ரஸரைத் தூண்டும் ட்ரிகர் ஒலியை மட்டும் தனியாகக் கேட்கும் வசதியும் பெரிய திரையும் கம்ப்ரஷனைக் கற்றுக்கொள்பவருக்குப் பெரிய உதவி. ஆனால் லாஜிக், கியூபேஸ், ரீப்பர் ஆகிய ஒலிப்பதிவு மென்பொருள்களோடு வரும் கம்ப்ரஸர்களே பெரும்பாலான வேலைக்குப் போதும். அது இல்லாமல் ஒரு மிக்ஸ் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது.

ப்ரோ-டிஎஸ் வேறு கதை. "ஸ", "ஷ" குத்தும் குரலுக்கு இதைப்போல் சத்தமில்லாமல் வேலை செய்வது குறைவு. தனிக் குரலுக்கு சிங்கிள் வோக்கல் முறை. வாத்தியங்களோடு கலந்த ஸ்டீரியோவுக்கு ஆல்ரவுண்ட். இதை மாற்றிப் போட்டால் ஒன்றும் பிடிக்காது, அல்லது கண்டதையெல்லாம் பிடிக்கும். ரேஞ்ச் 6 டெசிபலில் தொடங்குங்கள். அதிகமானால் பாடகருக்கு நாக்குத் தடித்ததுபோல் கேட்கும்.

ப்ரோ-ஆர் 2 ரிவெர்ப் 2023-இல் வந்தது. எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் எதிரொலிக்க வேண்டும் என்று ஒரு வளைவாக வரையலாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதிரொலியைப் பாதியாக வெட்டிவிட்டு மேலே நீட்டினால், தம்புராவோடு சேர்ந்து குழம்பாத ரிவெர்ப் கிடைக்கும். வல்ஹல்லா நிறுவனத்தின் ரிவெர்ப்கள் 50 டாலருக்கே கிடைக்கும்போது இதன் விலை பலருக்கு உறுத்தும். அந்த வளைவு தேவைப்படாதவர்களுக்கு வல்ஹல்லா போதும்.

ப்ரோ-எம்பி என்ற மல்ட்டிபேண்ட் கம்ப்ரஸரின் வேலையில் பாதியை ப்ரோ-க்யூ 4-இன் டைனமிக் பேண்டுகளே செய்துவிடுகின்றன. சாட்டர்ன் 2 (டிஸ்டார்ஷன்), டைம்லெஸ் 3 (டிலே), வால்கனோ 3 (ஃபில்டர்) ஆகியவை எலெக்ட்ரானிக் இசை செய்பவர்கள் கைவைத்து விளையாட வேண்டியவை. குமிழ்களைத் தானே அசைக்கும் மாடுலேஷனை இழுத்து ஒட்டும் முறை மிக வசதி. வழக்கமான மிக்ஸிங் வேலைக்கு அவசியமில்லை.

விலை, லைசென்ஸ்

லைசென்ஸுக்காகக் கணினியில் செருகும் டாங்கிள் கிடையாது, ஐலாக் என்ற லைசென்ஸ் முறையும் கிடையாது. வாங்கியதும் ஒரு கீ வரும். ஒட்டினால் வேலை முடிந்தது. நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்தும்வரை உங்கள் ஸ்டூடியோ கணினி, லேப்டாப் இரண்டிலும் போட்டுக்கொள்ளலாம். இணையம் வராத ரெக்கார்டிங் கணினியிலும் ஓடும். மாதச் சந்தா கட்டவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.

விலை டாலர், யூரோ போன்ற வெளிநாட்டு நாணயத்தில். வங்கி போடும் மாற்றுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று வாங்கிய பிறகு உங்கள் கணக்கில் உள்நுழைந்தால் அடுத்தவற்றின் விலை குறைந்து தெரியும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மூட்டையாக வாங்க அவசரம் வேண்டாம். மாணவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. புதுப் பதிப்புக்கு மாறுவது இலவசமில்லை. அதற்குக் குறைந்த விலை வைப்பார்கள்.

பணமே இப்போது இல்லை என்றால் டோக்கியோ டான் நிறுவனத்தின் நோவாவை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். நான்கு டைனமிக் பேண்ட் இருக்கிறது. மேலே சொன்ன 3 கிலோஹெர்ட்ஸ் வேலையை அதிலும் செய்யலாம். கட்டைகளைக் காட்டாது, திரை இவ்வளவு தெளிவில்லை, கை மெதுவாகும். வேலை நடக்கும்.

ஃபேப்ஃபில்டர் எல்லாப் பிளக்-இன்களையும் 30 நாள் முழுமையாக, எந்த வெட்டும் இல்லாமல் முயன்று பார்க்க விடுகிறது. அந்த நாட்கள் எண்ணத் தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே முடித்துக் கொடுத்த மிக்ஸ் ஒன்றைத் தயாராக எடுத்து வையுங்கள். அதிலிருக்கும் ஈக்யூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ப்ரோ-க்யூ 4 மட்டும் வைத்து மறுபடி செய்து, இரண்டையும் ஒரே உரப்பில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஸ்டூடியோ ஒன், எஃப்எல் ஸ்டூடியோ, கியூபேஸ் பயன்படுத்துபவர்கள் விஎஸ்டி 3 என்ற பிளக்-இன் வடிவத்தை நிறுவுங்கள்; சைட்-செயின் இணைப்பு (ஒரு டிராக்கின் ஒலியால் இன்னொரு டிராக்கின் பிளக்-இன்னை இயக்குவது) அதில்தான் தொல்லையில்லாமல் நடக்கிறது.